ஒருவர் ‘எடுத்துவிடலாம்’ என்கிறார், இன்னொருவர் ‘வேண்டாம்’ என்கிறார்

மும்பை வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியவை. மூன்றாம் நிலை நுரையீரல் புற்றுநோயில் ஆபரேஷனுக்கு இடம் உண்டா என்பதே அது. அதனால் இந்த முறை மருத்துவக் கேள்வி–பதில் பகுதி முழுவதும் அதற்கே. நெஞ்சறுவை, புற்றுநோய் மருத்துவம் ஆகிய துறைகளில் இருப்பவர்கள் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கீழே உள்ளவை ‘நான் ஸ்மால் செல்’ (சிறுசெல் அல்லாத) வகைக்கு மட்டும். பயாப்ஸி ரிப்போர்ட்டில் ‘ஸ்மால் செல்’ என்று இருந்தால் மூன்றாம் நிலையில் ஆபரேஷன் பேச்சே எழாது, கீமோவும் கதிர்வீச்சும்தான் அடிப்படை. படிக்கும் முன் ரிப்போர்ட்டில் அந்த வரியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 61 வயது. வலது நுரையீரலின் மேல் மடலில் 4 செ.மீ. கட்டி, அடினோகார்சினோமா (நான் ஸ்மால் செல்லில் ஒரு வகை). பெட் ஸ்கேனில் நெஞ்சின் நடுவில் நெறிகட்டிகள் தெரிவதாகச் சொல்லி ஸ்டேஜ் 3 என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு ஆஸ்பத்திரியில் அடுத்த வாரமே ஆபரேஷன் என்கிறார்கள். இன்னொரு இடத்தில் ஆபரேஷன் கூடவே கூடாது, கீமோவும் ரேடியேஷனும்தான் என்கிறார்கள். யாரை நம்புவது?
வாசகி, செம்பூர்

இப்போதைக்கு இரண்டு முடிவுகளையும் நிறுத்தி வையுங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இரண்டுமே ஸ்கேன் படத்தை மட்டும் வைத்துச் சொன்னவை. அந்த நெறிகட்டிகளில், அதாவது நிணநீர்க் கணுக்களில், புற்று செல் இருக்கிறதா, இருந்தால் எந்தெந்தக் கணுவில் என்பதை ஊசி போட்டு எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அது தெரியாமல் கத்தியை எடுப்பதும் தவறு, கத்தி வேண்டாம் என்று தீர்ப்பு எழுதுவதும் தவறு.

மூன்றாம் நிலை என்ற ஒரே பெயருக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நிலைமைகள் இருக்கின்றன. 7 செ.மீ.க்கு மேல் பெரிய கட்டி, எந்தக் கணுவிலும் பரவல் இல்லை என்றாலும் மூன்றாம் நிலைதான். கட்டி 2 செ.மீ.தான், ஆனால் எதிர்ப்பக்கக் கணுவிலோ காறை எலும்புக்கு மேலோ பரவியிருக்கிறது என்றாலும் மூன்றாம் நிலைதான். முதலாமவருக்கு ஆபரேஷன்தான் சிகிச்சையின் மையம். இரண்டாமவருக்கு ஆபரேஷனால் பயன் எதுவும் இல்லை.

கணுக்களை மூன்று வட்டங்களாகப் பிரிக்கிறார்கள். நுரையீரலுக்குள்ளும் அதன் வாசலிலும் இருப்பவை என்1. கட்டி இருக்கும் அதே பக்கத்தில் பெரிய மூச்சுக்குழலை ஒட்டியும், அது இரண்டாகப் பிரியும் இடத்துக்குக் கீழேயும் இருப்பவை என்2. எதிர்ப்பக்கத்திலும் கழுத்தடியிலும் இருப்பவை என்3. ஆபரேஷனா இல்லையா என்ற சண்டையெல்லாம் என்2-இல்தான். 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த, புற்றின் நிலையைக் குறிக்கும் டி.என்.எம். முறையின் ஒன்பதாம் பதிப்பு இதனால்தான் என்2-ஐ இரண்டாக்கியது. ஒரே ஒரு இடத்துக் கணு என்றால் என்2ஏ, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்கள் என்றால் என்2பி. உங்கள் அப்பாவின் 4 செ.மீ. கட்டியோடு முதலாவது சேர்ந்தால் 3ஏ, இரண்டாவது சேர்ந்தால் 3பி.

இதைத் தெரிந்துகொள்ள உதவும் பரிசோதனை ஈபஸ். நுனியில் அல்ட்ராசவுண்ட் பொருத்திய மெல்லிய குழாயை வாய் வழியாக மூச்சுக்குழலுக்குள் செலுத்தி, படத்தைப் பார்த்தபடியே கணுவில் ஊசி போடுவார்கள். லேசான மயக்கம் கொடுத்து அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போய்விடலாம். ஊசி போடும் வரிசை முக்கியம். முதலில் எதிர்ப்பக்கக் கணு, அடுத்து நடுக்கணு, கடைசியாகக் கட்டிக்குப் பக்கத்துக் கணு. வரிசை மாறினால் ஊசியில் ஒட்டிய செல் எதிர்ப்பக்கத்து மாதிரியில் கலந்து, இல்லாத என்3-ஐ இருப்பதாகக் காட்டிவிடும். ரிப்போர்ட்டில் 4எல், 7, 4ஆர் என்று ஒவ்வொரு கணுவின் எண்ணும் அதனதன் முடிவும் தனித்தனியாக இருக்க வேண்டும். ‘நோட் (கணு) பாசிட்டிவ்’ என்ற ஒற்றை வரியோடு திரும்பி வராதீர்கள். ‘மாதிரி போதவில்லை’ என்று வந்தால் அதைப் ‘புற்று இல்லை’ என்று படிக்கவும் கூடாது. ஸ்கேனில் சந்தேகம் பலமாக இருந்து ஈபஸ் முடிவு சுத்தமாக வந்தால், கழுத்தடியில் சின்னக் கீறல் போட்டுக் கணுவை எடுக்கும் மீடியாஸ்டினோஸ்கோப்பி இருக்கிறது.

தலைக்கு கான்ட்ராஸ்ட் கொடுத்து எம்.ஆர்.ஐ. எடுத்தார்களா? பெட் ஸ்கேன் காட்டுவது சர்க்கரையை உறிஞ்சும் இடங்களை, மூளையோ இயல்பாகவே அதை அதிகம் உறிஞ்சும். அதனால் பெட் ஸ்கேனில் அங்கே சின்னப் பரவல் மறைந்துவிடும். பெட் எடுத்தாயிற்று, எம்.ஆர்.ஐ. எதற்கு என்று செலவைக் குறைக்கப் பார்ப்பவர்கள் உண்டு. குறைக்க வேண்டிய இடம் இது இல்லை.

எல்லாம் கைக்கு வந்தபின் ஒரே இடத்துக் கணுவில்தான் பரவல், அதுவும் பெரிதாக இல்லை, விளிம்பு தெளிவாக இருக்கிறது, ஒரு மடலை எடுத்தால் போதும், மூச்சும் நன்றாக இருக்கிறது என்றால் மருந்து முதலில், ஆபரேஷன் பிறகு என்ற வழி திறக்கும். கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி ரத்தக்குழாயைச் சுற்றி உறைந்திருந்தால் முழுதாக எடுக்க முடியாது. முழுதாக எடுக்க முடியாத ஆபரேஷனால் ஆயுள் கூடுவதில்லை. வலியும், மற்ற சிகிச்சை தள்ளிப்போவதும்தான் மிச்சம். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்கள்தான் அதிகம். அவர்கள் விஷயத்தை நெஞ்சறுவை, கீமோ, கதிர்வீச்சு மருத்துவர்கள் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். அதற்கு டியூமர் போர்டு என்று பெயர். அதுவும் முதல் கீமோ ஏறுவதற்கு முன்பே நடக்க வேண்டும்.

‘அடுத்த வாரம்’ என்றவரிடம் கேளுங்கள், “என்2 ஊசி போட்டு உறுதியானதா? ஆபரேஷனுக்கு முன் மருந்து ஏன் வேண்டாம்?” ‘கூடாது’ என்றவரிடம் கேளுங்கள், “எதனால் முடியாது? கணுவா, ரத்தக்குழாயா, மூச்சா? நுரையீரல் அறுவை நிறையச் செய்பவர் இந்தப் படத்தைப் பார்த்தாரா?” சரியான காரணம் உள்ளவர் இரண்டு நிமிடத்தில் படத்தைக் காட்டி விளக்கிவிடுவார்.

என் வீட்டுக்காரருக்கு எட்டு வருஷத்துக்கு முன் டி.பி. வந்து ஆறு மாதம் மருந்து சாப்பிட்டார். இப்போது நுரையீரலில் புற்றுநோய். நெஞ்சுக் கணுவெல்லாம் ஸ்கேனில் ஒளிர்கிறது. அது பழைய டி.பி.யாக இருக்குமோ?
வாசகி, தாராவி

இருக்கலாம். நம் ஊர்களில் பெட் ஸ்கேனை மட்டும் நம்பி மூன்றாம் நிலை என்று எழுதக் கூடாது என்பதற்கு இதுவே முதல் காரணம். பெட் ஸ்கேன் காட்டுவது சர்க்கரையை உறிஞ்சும் இடத்தை. புற்றும் உறிஞ்சும், டி.பி. அழற்சியும் உறிஞ்சும், வருஷக்கணக்கில் விறகுப் புகையில் சமைத்தவர்களின் கரி படிந்த கணுவும் உறிஞ்சும். ‘எஸ்.யு.வி. எண் (உறிஞ்சும் அளவு) அதிகம், அதனால் புற்றுதான்’ என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஈபஸ் செய்யும்போதே மாதிரியில் ஒரு பங்கை டி.பி.க்கான சி.பி.நாட் சோதனைக்கும் கல்ச்சருக்கும் அனுப்பச் சொல்லுங்கள். ஒரே ஊசியில் இரண்டுக்கும் விடை கிடைக்கும். கணுவில் டி.பி.தான், புற்று இல்லை என்று வந்தால் நோயின் நிலையே இறங்கி, நேராக ஆபரேஷன் என்றுகூட ஆகலாம். டி.பி. மருந்து முழுதாக முடியும்வரை புற்றுநோய் சிகிச்சை காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் டி.பி. மருந்தான ரிஃபாம்பிசின் சாப்பிடுவதைப் புற்றுநோய் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மரபணு மாற்றத்தைக் குறிவைக்கும் இலக்கு மாத்திரைகள் பலவற்றின் அளவை அது ரத்தத்தில் குறைத்துவிடும்.

இதன் மறுபக்கமும் நடக்கிறது. எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்ததும் சளிப் பரிசோதனைகூட இல்லாமல் டி.பி. மருந்து தொடங்கி, மாதங்கள் போனபின் புற்று என்று தெரிவது. மருந்து சாப்பிட்டும் நிழல் குறையவில்லை என்றால் பயாப்ஸி கேளுங்கள்.

பழைய டி.பி. ஆபரேஷனையும் தொடும். நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டிக்கிடக்கும். பிரித்தெடுக்க நேரமும் ரத்தமும் கூடும், காற்றுக் கசிவும் அதிகம். சிறு துளை வழியாகத் தொடங்கி, நடுவில் நெஞ்சைத் திறக்க வேண்டி வந்தால் அதைத் தோல்வியாக நினைக்காதீர்கள்.

மாமனாருக்கு 68 வயது, முப்பது வருஷம் பீடி. வலது கீழ் மடலை எடுக்க வேண்டும் என்கிறார்கள். மூச்சுப் பரிசோதனையில் எஃப்.ஈ.வி.1 72 சதவீதம், டி.எல்.சி.ஓ. 58 சதவீதம். ஒரு மடல் போனால் மூச்சு தாங்குமா?
வாசகர், மாட்டுங்கா

காகிதமும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள், நீங்களே கணக்குப் போடலாம். எஃப்.ஈ.வி.1 என்பது ஒரு விநாடியில் ஊதி வெளியேற்றும் காற்றின் அளவு, டி.எல்.சி.ஓ. என்பது காற்று ரத்தத்தில் கலக்கும் திறன். இரண்டு நுரையீரலுக்கும் சேர்த்து 19 துண்டங்கள். வலது மேல் மடலில் 3, நடு மடலில் 2, கீழ் மடலில் 5. இடது மேல் மடலில் 5, கீழ் மடலில் 4. மாமனாருக்கு 5 போனால் மிச்சம் 14. 72-ஐ 14-ஆல் பெருக்கி 19-ஆல் வகுத்தால் சுமார் 53 சதவீதம். 58-ஐ அப்படியே செய்தால் சுமார் 43 சதவீதம். ஆபரேஷனுக்குப் பின் எதிர்பார்க்கும் அளவு இது.

இரண்டு எண்ணும் 60-க்கு மேல் என்றால் வேறு சோதனை வேண்டாம். ஏதாவது ஒன்று 60-க்குக் கீழே இறங்கி, இரண்டும் 30-க்குக் குறையாமல் இருந்தால் மாடி ஏறும் சோதனை அல்லது இரண்டு குறிகளுக்கு நடுவே போய்வந்து நடக்கும் ஷட்டில் நடைச் சோதனை. 22 மீட்டர் உயரம், அதாவது மும்பைக் கட்டடக் கணக்கில் ஏறக்குறைய ஏழு மாடி, நிற்காமல் ஏறிவிட்டால் ஆபத்து குறைவு. ஷட்டில் நடையில் அந்த எல்லை 400 மீட்டர். மாமனார் இந்த நடு வகையில்தான் வருகிறார். அதற்காக வீட்டு மாடிப்படியில் நீங்களே சோதித்துப் பார்க்க வேண்டாம், ஆக்சிஜன் அளவு பார்க்க ஆள் பக்கத்தில் இருந்துதான் இதைச் செய்ய வேண்டும். அதில் தேறாவிட்டாலோ, ஏதாவது ஒரு எண் 30-க்குக் கீழே போனாலோ சைக்கிள் மிதிக்க வைத்து ஆக்சிஜன் பயன்பாட்டை அளப்பார்கள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 20 மி.லி.க்கு மேல் என்றால் நல்லது, 10-க்குக் கீழே என்றால் மடலை எடுப்பது பேராபத்து.

டி.எல்.சி.ஓ.வைப் பாருங்கள் என்று நாங்கள் சொல்லிக்கொண்டே இருப்பதற்குக் காரணம் உண்டு. எஃப்.ஈ.வி.1 ஓரளவு இருந்தும், காற்று ரத்தத்தில் கலக்கும் திறன் பீடியால் அரித்துப்போனவர்கள் நிறைய. சில இடங்களில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி மட்டும் எடுத்துவிட்டு ‘ஃபிட்’ என்று எழுதிவிடுகிறார்கள். அது பாதிச் சோதனைதான். இன்னொரு பக்கம், கட்டி அடைத்து அந்த மடல் ஏற்கனவே வேலை செய்யாமல் கிடந்தால், எடுப்பதால் வரும் இழப்பு காகிதக் கணக்கைவிடக் குறைவு. நுரையீரலின் ரத்த ஓட்டத்தைக் காட்டும் பெர்ஃப்யூஷன் ஸ்கேன் எடுத்தால் அது தெரியும்.

ஆபரேஷன் தேதிக்கு முன் கிடைக்கும் வாரங்கள் வீணாகக் கூடாது. பீடியை இன்றே நிறுத்த வேண்டும், குறைந்தது நான்கு வாரமாவது ஆனால் சளித் தொல்லை குறையும். தினமும் இரண்டு வேளை, பேச முடிகிற, பாட முடியாத வேகத்தில் நடை. முட்டை, பருப்பு, மீன், தயிர் என்று புரதம். மூன்று பந்து உள்ள மூச்சுக் கருவியை வாங்கி ஆபரேஷனுக்கு முன்பே பழக வேண்டும். அதை ஊதுபவர்கள்தான் அதிகம், ஊதக் கூடாது. வாயில் வைத்து மெதுவாக உள்ளே இழுத்து, பந்து மேலே நிற்கும்படி சில விநாடி தாங்க வேண்டும். விழித்திருக்கும்போது மணிக்குப் பத்து முறை.

கீமோவும், எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபியும் முதலில் கொடுத்துவிட்டு மூன்று மாதம் கழித்து ஆபரேஷன் என்கிறார்கள். அதற்குள் நோய் பரவிவிடாதா?
வாசகர், டோம்பிவிலி

இந்தப் பயம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் மூன்றாம் நிலையில் ஆபத்து பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாமல் ரத்தத்தில் ஓடும் செல்களால்தான். கட்டியை மட்டும் எடுத்தால் அவை தப்பிவிடும், அதனால்தான் மருந்து முந்துகிறது. 2022-இல் வெளியான செக்மேட் 816 ஆய்வில் ஆபரேஷனுக்கு முன் கீமோவோடு நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைச் சேர்த்து மூன்று சுற்று கொடுத்த பிரிவில், ஆபரேஷன் வரை வராதவர்களையும் சேர்த்து 24 சதவீதம் பேருக்கு, எடுத்த நுரையீரலிலும் கணுவிலும் உயிருள்ள புற்று செல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கீமோ மட்டும் பெற்றவர்களில் அது 2.2 சதவீதம். ஐந்து ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 65 சதவீதம், கீமோ மட்டும் பெற்றவர்களில் 55.

சுற்றுக்குச் சுற்று 21 நாள் இடைவெளி. கடைசிச் சுற்றுக்குப் பின் ஸ்கேன், பிறகு நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் ஆபரேஷன். ரொம்பத் தள்ளினால் நுரையீரல் வாசலில் திசு இறுகி, ரத்தக்குழாயைப் பிரிப்பது கடினமாகும். ஆபரேஷனுக்கு முன் தைராய்டும் காலை நேர கார்டிசாலும் (அட்ரினல் சுரப்பியின் ஹார்மோன்) பார்க்க வேண்டும், இம்யூனோதெரபி இந்தச் சுரப்பிகளைச் சத்தமில்லாமல் படுக்க வைத்துவிடும்.

இந்த வழியில் இறங்கும் ஆறு பேரில் சுமார் ஒருவர் ஆபரேஷன் மேசைக்கு வருவதில்லை. நோய் வளர்வது, பக்கவிளைவு, மனம் மாறுவது என்று காரணம் பல. சில சமயம் மருந்துக்குப் பின் கணுக்கள் வீங்கி, பரவிவிட்டது போல ஸ்கேன் காட்டும். அது எதிர்ப்புச் சக்தி கிளம்பியதன் வீக்கமாகவும் இருக்கலாம். ஊசி போட்டுப் பார்க்காமல் ஆபரேஷனை ரத்து செய்ய விடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. அடினோகார்சினோமா என்றால் ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. மரபணு முடிவு வரும்வரை இம்யூனோதெரபியைத் தொடங்கக் கூடாது. இந்திய நோயாளிகளில் நாலில் ஒருவர் அளவுக்கு ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் இருக்கும், புகைபிடிக்காத பெண்களில் இன்னும் அதிகம். அவர்களுக்கு இம்யூனோதெரபி பெரிதாக வேலை செய்வதில்லை. அதைக் கொடுத்த சூட்டோடு, அந்த மாற்றத்தைக் குறிவைக்கும் ஓசிமெர்டினிப் மாத்திரை தொடங்கினால் நுரையீரல் அழற்சி வரும் வாய்ப்பும் கூடுகிறது. ஆபரேஷனுக்குப் பின் மூன்று ஆண்டு அந்த மாத்திரையைச் சாப்பிட்ட இரண்டாம் நிலை, 3ஏ நிலை நோயாளிகளில் 85 சதவீதம் பேர் ஐந்தாம் ஆண்டில் உயிரோடு இருந்தார்கள், மாத்திரை இல்லாதவர்களில் 73. ஏ.எல்.கே. மாற்றம் என்றால் அலெக்டினிப், இரண்டு ஆண்டு. ரிப்போர்ட் வர இரண்டு மூன்று வாரம் ஆனால் காத்திருங்கள்.

நெஞ்சைத் திறந்தால் காற்றுப் பட்டு புற்று பரவும் என்று ஊரிலிருந்து எல்லோரும் போனில் பயமுறுத்துகிறார்கள்.
வாசகி, சயான்

காற்றுப் பட்டுப் புற்று பரவாது. அந்தக் காலத்தில் சரியான ஸ்கேன் இல்லாமல் நெஞ்சைத் திறந்து, எடுக்க முடியாத அளவு பரவியிருப்பதைப் பார்த்து மூடிவிடுவார்கள். சில மாதத்தில் நோயாளி இறந்தால் பழி கத்தி மேல் விழுந்தது. போனில் பேசுபவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், கேட்காவிட்டால் போனை வைத்துவிடுங்கள்.

அண்ணனுக்கு இடது நுரையீரலை முழுதாக எடுக்க வேண்டுமாம். ஒரு நுரையீரலோடு வாழ முடியுமா?
வாசகர், முலுண்ட்

வாழ முடியும், வாழ்கிறார்கள். மூன்றாம் நிலையில் அந்த விலை கொடுப்பது தகுமா என்பதுதான் யோசிக்க வேண்டியது. 2009-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில் என்2 பரவல் உள்ள 396 பேரைப் பார்த்தார்கள். ஒரு பாதிக்குக் கீமோவும் கதிர்வீச்சும் மட்டும், மறுபாதிக்கு அதற்குப் பின் ஆபரேஷன். மொத்த ஆயுளில் தெளிவான வித்தியாசம் இல்லை. ஆனால் ஆபரேஷன் செய்தவர்களைப் பிரித்துப் பார்த்தபோது முழு நுரையீரல் எடுத்த 54 பேரில் 14 பேர் சிகிச்சை தொடர்பான காரணங்களால் இறந்திருந்தார்கள். ஒரு மடல் மட்டும் எடுத்த 98 பேரில் ஒருவர்தான். இன்றைய மயக்க மருந்தும் தீவிர சிகிச்சையும் அன்றையதைவிட மேல். இருந்தாலும் அந்த இடைவெளியை மருத்துவர்கள் மறக்கவில்லை.

அதனால் கேட்க வேண்டிய கேள்வி, ‘ஸ்லீவ் செய்ய முடியுமா?’ கட்டி உள்ள மடலையும் அதை ஒட்டிய மூச்சுக்குழல் வளையத்தையும் வெட்டி எடுத்துவிட்டு, நல்ல மடலின் குழலை மேலே உள்ளதோடு தைத்து இணைப்பது. கைத்திறன் வேண்டும், எல்லா இடத்திலும் செய்வதில்லை. ‘முடியாது’ என்பது அண்ணனின் உடலைப் பற்றிய பதிலா, அந்த ஆஸ்பத்திரியைப் பற்றிய பதிலா என்று தெரிந்துகொள்ள இன்னொரு நெஞ்சறுவை நிபுணரைப் பாருங்கள். வலது நுரையீரல் முழுவதும் என்றால் இதைவிட யோசிக்க வேண்டும். இடதைவிடப் பெரியது, எடுத்தபின் குழல் தையல் விட்டுப்போகும் ஆபத்தும் அந்தப் பக்கம் அதிகம்.

ஆபரேஷன் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கைவிட்டுவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்?
வாசகி, நவி மும்பை

அப்படி இல்லை. ஆபரேஷன் இல்லாத மூன்றாம் நிலை சிகிச்சையும் நோயைத் தீர்க்கும் நோக்கத்தோடு செய்வதுதான். திங்கள் முதல் வெள்ளி வரை தினம் ஒன்றாக ஆறு வாரத்தில் 30 முறை கதிர்வீச்சு, மொத்தம் 60 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு). கூடவே கீமோ, பெரும்பாலும் வாரம் ஒரு முறை. அது முடிந்து நோய் வளராமல் இருந்தால் ஆறு வாரத்துக்குள் துர்வாலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து தொடங்கி ஒரு ஆண்டு. பசிஃபிக் ஆய்வில் இப்படிப் பெற்றவர்களில் 43 சதவீதம் பேர் ஐந்தாம் ஆண்டில் உயிரோடு இருந்தார்கள், துர்வாலுமாப் இல்லாதவர்களில் 33. ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் உள்ளவர்களுக்கு அதற்குப் பதில் ஓசிமெர்டினிப். 2024-இல் வந்த லாரா ஆய்வில் நோய் வளராமல் இருந்த காலத்தின் இடைநிலை அளவு அதனால் 5.6 மாதத்திலிருந்து 39.1 மாதமாக நீண்டது.

மூன்றாவது நான்காவது வாரத்தில் விழுங்கும்போது நெஞ்செரியும். ரசம், காரம், சூடான காப்பி எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு, குழைந்த சாதம், மோர், ஆறிய கஞ்சி. வலி மருந்து கேட்கத் தயங்காதீர்கள். சாப்பிட முடியாமல் எடை இறங்கி நடுவில் நாள் விட்டுப்போவதுதான் இந்தச் சிகிச்சையைக் கெடுக்கிறது. முடிந்து ஒன்று முதல் ஆறு மாதத்துக்குள் புதிதாக வறட்டு இருமல், மூச்சிரைப்பு, லேசான காய்ச்சல் வந்தால் அது கதிர்வீச்சு அழற்சியாக இருக்கலாம். தெருமுனை டாக்டரிடம் ஆன்டிபயாடிக் வாங்கிக்கொண்டிருக்காமல் சிகிச்சை தந்த இடத்துக்கே போங்கள், ஸ்டீராய்டு தேவைப்படும்.

ஆபரேஷன் முடிந்தபின் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?
வாசகி, செம்பூர்

சிக்கல் இல்லாவிட்டால் ஐந்து முதல் ஏழு நாள் ஆஸ்பத்திரியில். விலாவில் ஒரு குழாய், கீழே தண்ணீர் உள்ள பெட்டி. இருமும்போது அதில் குமிழ் வந்தால் காற்றுக் கசிகிறது. ஐந்து நாளைத் தாண்டியும் நிற்காவிட்டால் நீடித்த கசிவு, பெரும்பாலும் தானாக அடையும், சிலர் குழாயோடு வீட்டுக்கும் போவார்கள். பெட்டியை எப்போதும் படுக்கை மட்டத்துக்குக் கீழே வையுங்கள். குழாயை உடம்புக்கு அடியில் மடக்கிப் படுத்துவிடுவது தினமும் நடக்கும் தவறு. சாப்பிடத் தொடங்கியதும் குழாயில் வெள்ளையாகப் பால் போல வந்தால் நர்ஸிடம் உடனே சொல்லுங்கள், நிணநீர்க் குழாய் கிழிந்திருக்கலாம்.

இரண்டாம் மூன்றாம் நாளில் நெஞ்சு படபடவென்று ஒழுங்கில்லாமல் அடிப்பது சகஜம், மருந்தில் அடங்கும். இடப்பக்க ஆபரேஷனுக்குப் பின் குரல் கம்மி, தண்ணீர் குடித்தால் புரையேறினால் குரல் நரம்பு பாதித்திருக்கலாம். நிமோனியாவுக்கு முன்னோடி அது. வலி என்று இருமாமல் இருப்பவருக்குச் சளி அடைத்து மீதி நுரையீரலும் சுருங்கும். தலையணையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமச் சொல்லுங்கள், மருந்து போட்ட அரை மணி கழித்து இருமினால் வலி தாங்கும். மறுநாளே எழுந்து நாற்காலியில் உட்கார வேண்டும், நடக்க வேண்டும். ‘பெரிய ஆபரேஷன், படுத்திருக்கட்டும்’ என்று உறவினர் காட்டும் பாசம் காலில் ரத்தக்கட்டாக முடியும்.

வீட்டுக்கு வந்தபின் 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், திடீர் மூச்சுத்திணறல், ஒரு கால் மட்டும் வீக்கம் ஆகிய எதுவானாலும் அன்றே போக வேண்டும். இருமும்போது திடீரெனத் தண்ணீர் மாதிரி இளஞ்சிவப்புத் திரவம் நிறைய வந்தால் தையல் விட்டிருக்கலாம். ஆபரேஷன் செய்த பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

ஆபரேஷனில் என்2 கணு பாசிட்டிவ் என்று வந்தால், முழுதாக எடுத்தாயிற்று என்ற நிலையில் எல்லோருக்கும் கதிர்வீச்சு கொடுக்கும் வழக்கம் இப்போது இல்லை. லங் ஆர்ட் ஆய்வில் அதனால் ஆயுள் கூடவில்லை, இதயமும் நுரையீரலும்தான் கூடுதலாகப் பாதித்தன.

மும்பையில் இரண்டாவது கருத்து கேட்க எங்கே போவது, என்னென்ன கொண்டுபோவது? பணத்துக்கு வழி?
வாசகர், தாராவி

பரேலில் 1941 முதல் இயங்கும் டாட்டா மெமோரியலில் நெஞ்சுப் புற்றுநோய்க்கென்றே தனிக் குழு உண்டு. கூட்டம் அதிகம், முதல் நாளே பதில் கிடைக்கும் என்று போகாதீர்கள். ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. ஸ்கேன் படங்கள் உள்ள சி.டி., பயாப்ஸியின் கண்ணாடி ஸ்லைடு, கூடவே திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக் வேண்டும். பயாப்ஸி செய்த இடத்தில் எழுதிக் கொடுத்துக் கேட்டால் தருவார்கள், ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பிளாக் இல்லாமல் மரபணுச் சோதனை நடக்காமல் மறுபடி ஊசி போட நேர்வது பலருக்கும் நடக்கிறது.

மகாத்மா ஜோதிராவ் புலே ஜன் ஆரோக்கிய யோஜனா, ஆயுஷ்மான் பாரத் என்ற இரண்டு அரசுத் திட்டங்களையும் பற்றி ஆஸ்பத்திரியின் சமூக சேவைப் பிரிவில் கேளுங்கள். சிகிச்சைக்கு முன்பே அனுமதி வாங்க வேண்டியவை இவை, பில் கட்டியபின் போனால் பயன் இல்லை. ரேஷன் கார்டு இன்னும் திருநெல்வேலி முகவரியில் இருந்தால் மகாராஷ்டிரத் திட்டத்தில் சேர்வதில் சிக்கல் வரலாம், அதை முதலில் பாருங்கள். 2024 ஜூலை பட்ஜெட்டில் ஓசிமெர்டினிப், துர்வாலுமாப் இரண்டுக்கும் சுங்க வரி நீங்கியது. அதன் பிறகும் விலை அதிகம்தான். மருந்து நிறுவனங்களின் உதவித் திட்டம் உண்டா என்று மருத்துவரிடமே கேளுங்கள், மருந்து தொடங்கிய பிறகு கேட்பதைவிட முன்பே கேட்பது நல்லது. தினமும் கதிர்வீச்சுக்குப் போக வேண்டியிருந்தால் லோக்கல் ரயிலில் மாற்றுத்திறனாளி பெட்டியில் புற்றுநோயாளிகள் ஏறலாம். ஆஸ்பத்திரிச் சான்றிதழின் நகல் ஒன்று எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும்.